கோழிக்கூட்டின் மேல் கிடந்த பாரம்

என் பிரியத்துக்குரிய மனோவின் அப்பாவுக்கு,

அங்கே சுகமாக இருக்கிறீர்களா? இருப்பீர்கள். உங்களுக்கென்ன, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது நாங்கள்தானே.

வருசா வருசம் உங்கள் திதிக்கு மனோ பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி கண்ணீர் அஞ்சலி போடுவான். இந்த வருசம் நானே எழுதுகிறேன் என்றேன். "அஞ்சாம் வகுப்பு படிச்சிட்டு பத்திரிகைக்கு எழுதப் போறீங்களா?" என்று சிரித்தான். உங்களுக்கு வந்த கடிதாசியை எல்லாம் வாசித்துக் காட்டியது இந்த அஞ்சாம் வகுப்புத்தான். மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் இதில் கண்ணீர் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கோபம்.

உங்கள் பேத்தி தர்சினி சைக்கிள் ரேஸ் ஓடுகிறாள். நீங்கள் போகும்போது பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் வைத்த சைக்கிளில் தோட்டத்து லயத்து வீட்டு வாசலைச் சுற்றிக்கொண்டிருந்தாளே, அவள்தான். சித்திரைப் புத்தாண்டுக்கு வரக்காப்பொலையில் நடக்கிற அவுருது ரேஸில் நன்றாக ஓடினால் மாகாணக் குழுவுக்கு எடுப்பார்கள். போன வருசமே ஓடினாள். வழியெல்லாம் முன்னால்தான் வந்தாள். மைதானத்துக்கு ஏறுகிற கடைசி ஏற்றத்தில் கால் செத்துப்போய் நின்றது. பின்னால் வந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகத் தாண்டிப் போனார்கள். ஏற்றத்து மேலே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

அவளைப் பழக்குகிற சிங்கள சேர் என்னிடம் வந்து, "ஆச்சி, ஹயிய மதி" என்றார். மூச்சு இருக்கிறது, பலம் போதாது என்கிறார். கிழமைக்கு இரண்டு நாள் நல்ல பாரம் தூக்கி உட்கார்ந்து எழும்ப வேண்டுமாம். நீளச் சைக்கிள் ஓட்டத்தையும் விடக்கூடாதாம். நடுவில் ஓய்வும் வேண்டுமாம். கால் பலமானால் அதே வேகத்துக்குக் குறைவாகத்தான் களைக்கும், கடைசி ஏற்றத்துக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று தர்சினி எனக்கு விளக்கினாள். எனக்கு விளங்கியது. உங்கள் மகனுக்கு விளங்கியதா?

பிள்ளை பழைய பெயின்ட் வாளி இரண்டைத் தேடி எடுத்து, சீமெந்து ஊற்றி, நடுவில் தண்ணீர்க் குழாயைச் செருகி, தானே பாரம் செய்தாள். மனோ அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கோழிக்கூட்டின் மேல் போட்டான். மரநாய் கூட்டைத் திறக்காமல் இருக்க அது நல்லதாம்.

"அப்பா என்ன சொன்னாரு? கால் ரோட்டுலதான் உருவாகும். பாரம் தூக்குனா மாட்டுக் கால் ஆகிடும், மலை ஏறாது. அவுருது ரேஸ்ல கப்பு எடுத்த மனுசன் சொன்னது, சும்மாவா?"

"அந்த மனுசன் செத்துட்டாருடா!"

"பேச்சு சாகல்லையே அம்மா."

பார்த்தீர்களா? உயிரோடு இருக்கும்போது நீங்கள் சொன்னதை ஒரு நாளாவது கேட்டானா இவன்? செத்த பிறகு இப்படி ஒரு பக்தி. அவளைக் காலையிலும் மலை ஏறவைத்தான், பின்னேரமும் மலை ஏறவைத்தான். போன வருச ரேசுக்கு முந்தின நாள்கூட இப்படித்தான் ஏறவைத்தான். பிள்ளை சோற்றுக் கோப்பையைப் பிடித்தபடியே தூங்கினாள்.

ஒருநாள் அவள் என்னிடம் வெடித்தாள். "அப்பாயி, தாத்தா ரோட்டுல மட்டுமா கால வளத்தாரு? ரெண்டு கையிலயும் ரப்பர் பால் வாளிய தூக்கிக்கிட்டு பள்ளத்துல இருந்து மேட்டுக்கு ஏறுனாரே, அது என்னவாம்? நான் என்னத்த தூக்குறேன்? ஸ்கூல் பேக்கையும் போனையும்தான்!"

அப்போதுதான் எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. விடிந்ததிலிருந்து ரப்பர் மரத்தைக் கீறிப் பால் சேர்த்து, வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுக்கிற இடத்துக்கு ஏறுவீர்கள். அதற்குப் பிறகு ரப்பர் சீட் அடிக்கிற மெசினைக் கையால் சுற்றுவீர்கள். அதெல்லாம் முடிந்துதான் சைக்கிளை எடுப்பீர்கள். கப்பை வாங்கிய அன்றைக்கு, சைக்கிள் மிதித்தே வந்த கால் என்று ஊரெல்லாம் சொன்னீர்களே, அந்த வாளியை ஏன் சொல்லவில்லை? அது வேலை, அதனால் கணக்கில் வராதா? நானும்தான் அதே வாளியைத் தூக்கினேன். எனக்கு யார் சைக்கிள் கொடுத்தார்கள்?

இதை நான் மனோவிடம் சொன்னேன். கோழிக்கு அரிசி போட்டான். பிறகு, "தீவாளிக்கு அப்பாவுக்குப் படைப்போம்ல, அப்ப அவருகிட்டயே பூ கட்டிக் கேப்போம்" என்றான். மாரியம்மனிடம் கேட்பதுபோல உங்களிடம் கேட்பதாம்! இருந்த காலத்திலேயே கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத மனுசன், பூவிலா சொல்லப் போகிறீர்கள்?

தீபாவளி அன்று கோழிக்கறி, வடை, கால் போத்தல் சாராயம், சுருட்டு எல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தோம். வெள்ளைப் பூ வந்தால் பாரம் தூக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது என்று பேச்சு. ஆளுக்கொரு பூவாக இரண்டு பொட்டலம் கட்டுகிற வேலை என்னுடையது.

இரண்டிலும் வெள்ளையைத்தான் வைத்தேன்.

கோபமா? கோபப்படுங்கள். உங்கள் வாயை நம்பி என் பேத்தியின் காலைப் பணயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. மனோ கண்ணை மூடி ஒன்றை எடுத்தான், பிரித்தான், வெள்ளை. "அப்பா சரின்னுட்டாரு" என்று விழுந்து கும்பிட்டான். மற்றதை நான் படையல் இலையின் கீழே தள்ளிவிட்டேன்.

அன்றைக்கே பாரம் கோழிக்கூட்டிலிருந்து இறங்கியது. உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் பிள்ளைக்குத் தொடை இழுத்துப் பிடித்து, லயத்துப் படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினாள். ஓட்டத்திலும் முன்னைவிட மெதுவானாள். "பாத்தீங்களா, மாட்டுக் கால்!" என்று மனோ நக்கலடித்தான். "வாய மூடுறா, சேர் பொறுக்கச் சொன்னாரு" என்றேன். தை பிறந்த பிறகு அந்தப் பிடிப்பு விட்டது. தொடை ஒன்றும் தடிக்கவில்லை, அதே பாவாடை அப்படியே போட முடிகிறது. சேர் சொல்லியிருந்ததால் ரேசுக்கு முந்தின நாள் முழுக்கப் படுத்திருந்தாள். மனோ வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான், ஆனால் அவளை எழுப்பவில்லை.

அவுருது ரேஸ் அன்று நான் அதே ஏற்றத்தில் போய் நின்றேன். ஆறேழு பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், இவள் நடுவில். ஏற்றம் தொடங்கிய இடத்தில் சீற்றை விட்டு எழும்பினாள். எழும்பியவள் உட்காரவே இல்லை. ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். பக்கத்தில் மனோ, "துவப்பங், துவப்பங்!" என்று சிங்களத்தில் கத்துகிறான், "ஓடு தாயி" என்று தமிழில் கத்துகிறான், எந்தப் பாசை என்று அவனுக்கே தெரியவில்லை. ஒருத்தியை மட்டும் பிடிக்க முடியவில்லை. இரண்டாவதாக வந்தாள். மாகாணக் குழுவில் பெயர் வந்துவிட்டது.

அன்று பின்னேரம் மனோ அவள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அம்மா, தீவாளிக்கு அந்த மத்தப் பொட்டலத்த என்ன செஞ்சீங்க?"

"ஆத்துல விட்டுட்டேன்."

"பொய்ய பாருங்க. இலைய எடுக்கும்போதே நான் பிரிச்சுப் பாத்துட்டேன்."

"பாத்துட்டுமா சும்மா இருந்த?"

"நானா தூக்கச் சொன்னா அப்பா பேச்ச மீறுன மாதிரி ஆகிடும். எனக்கும் ஒரு சாக்கு வேணும்ல அம்மா?" என்றவன் தலையை நிமிர்த்தவே இல்லை. துடைத்த சக்கரத்தையே திரும்பவும் துடைத்தான்.

அவனை அடிப்பதா அணைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பனும் மகனும் ஒரே அச்சு. மனசில் இருப்பதை வாயால் சொல்ல இரண்டு பேருக்குமே முடியாது. நடுவில் நான் பூக் கட்ட வேண்டியிருக்கிறது.

அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன். வருகிற தீபாவளிக்கும் உங்களுக்குக் கோழிக்கறி உண்டு, சாராயம் உண்டு, சுருட்டு உண்டு. பூக் கட்டுவது மட்டும் இல்லை. அந்தப் பிள்ளையின் காலைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் அந்தப் பிள்ளையிடமே கேட்போம். உங்கள் கப்பைப் பற்றி யாராவது கேட்டால் சைக்கிளையும் சொல்வேன், வாளியையும் சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இரண்டு வெள்ளைப் பூ வைத்த உங்கள் பெண்சாதி,
மனோவுக்கு அம்மா, தர்சினிக்கு அப்பாயி.