கைதட்டும் தாடிக்காரன்

3.6.2012, ஞாயிறு
இரண்டு கம்பெனிகளின் கேம் ஹீரோக்களை ஒரே மேடையில் மோதவிடும் சண்டை கேம் இது, மூன்றாம் பாகம். ரூமில் நானும் நயினாரும் இன்றோடு 188 ஆட்டம் ஆடியிருக்கிறோம். துறைமுக மேடையில் பின்னால் நின்று கைதட்டுகிற தாடிக்காரனை மட்டும் இன்னும் எடுத்து ஆட முடியாது. இருவர் ஆட்டம் இருநூறு முடிந்தால் அவனும் தேர்வுப் பட்டியலில் வருவானாம். எனக்கு ஈட்டிக்காரி போதும், கை வேகம். தாடிக்காரன் பித்து நயினாருக்குத்தான். "எத்தன வருசம்ல கைதட்டிக்கிட்டே நிப்பான், பாவம்" என்கிறான்.

9.6, சனி
கம்பெனியில் நிரந்தரம் ஆனவர்களின் பட்டியலை கேன்டீன் சுவரில் ஒட்டிவிட்டார்கள். என் பெயர் உண்டு. நயினார் பெயர் இல்லை. ஒரே அசெம்பிளி லைனில், ஒரே நாளில் சேர்ந்தோம். நான் டிப்ளமோ, அவன் ஐ.டி.ஐ. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அவன் மூன்று முறை படித்தான். "வனமாமல, இன்னொரு பக்கம் இருக்கால?" என்றான். எனக்குப் பொறுமை இல்லை. சாப்பாட்டு வரிசையில் நின்ற எல்லார் முன்னாலும் சொன்னேன்: "நீ பட்டியல்ல வார ஆளு இல்லல. பின்னால நின்னு கைதட்டுத ஆளு."

சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

11.6
ஏ ஷிப்ட் முடிந்து வந்தால் அவன் பாய் இல்லை, பெட்டி இல்லை. தண்டலத்தில் வேறு கம்பெனி, வேறு ரூம் என்று லைனில் சொன்னார்கள். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் என்ன பொய்யா சொன்னேன்?

16.6
சமைக்கவில்லை. பிஸ்கட்.

24.6, ஞாயிறு
இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைச் சும்மா செருகி வைத்து ஆடினேன். நின்ற ஆளை அடித்தால் இருபது வினாடியில் முடிகிறது. ஆனால் எண்ணிக்கை ஏறவில்லை — அந்தப் பக்கமும் பட்டன் அழுந்த வேண்டும். கால்விரலால் அழுத்தினேன். ஏறியது.

வீட்டுக்கார லூர்தம்மாள் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, ஒண்டியா குந்திகினு கால்ல இன்னா பண்ற? அந்தப் புள்ள ஊருக்குப் பூட்ச்சா?" கதவைச் சாத்தினேன்.

இருநூறு. தாடிக்காரன் வந்தான். கைதட்டித்தான் அடிக்கிறான். அந்தக் காற்றில் எதிராளி பறந்துபோய்க் கடலில் விழுகிறான். சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பினேன்.

1.7, ஞாயிறு
தண்டலம் போனேன். பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"தாடிக்காரன் வந்துட்டாம்ல" என்றேன்.

"ஆரு கூட ஆடுன?"

"ஒத்தைக்குத்தான். கால்வெரலால."

முகம் சுருங்கிவிட்டது. "அதுல நூத்தி எம்பத்தெட்டு நானுஞ் சேந்து ஆடுனதுல" என்றான். பஸ் வந்தது, ஏறிவிட்டான்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது இதுதான். சை.

5.7
மெமரி கார்டை அழித்தேன். நிச்சயமா என்று அது இரண்டு முறை கேட்டது. நயினாருக்கு மெசேஜ் போட்டேன்: 'எல்லாம் அழிச்சிட்டேன். பூஜ்யத்துல இருக்கு. கேன்டீன்ல நான் சொன்னது தப்பு.'

பதில் இல்லை.

6.7
இல்லை.

8.7, ஞாயிறு
மதியம் வந்தான். உட்காரவில்லை, நின்றுகொண்டே நான்கு ஆட்டம் ஆடினான். மூன்றில் நான் தோற்றேன், வேண்டுமென்று இல்லை. "கோட்டிப்பய, நெசமாவே அழிச்சிருக்கான்" என்று டிவியைப் பார்த்துச் சொன்னான். என்னைப் பார்க்கவில்லை. டீ வேண்டாம் என்றான். செருப்பை மாட்டும்போது, "அடுத்த ஞாயிறும் எனக்கு லீவுதான்" என்றான், தரையைப் பார்த்து.

9.7, திங்கள்
வரும் ஞாயிறு ஓவர்டைம் லிஸ்ட்டில் என் பெயர். பெயரை அடித்துவிடச் சொன்னேன். சேர்ந்ததிலிருந்து ஒரு ஓ.டி. விட்டதில்லை. சூப்பர்வைசர் தேவராஜன், "இன்னாபா, பர்மனன்ட் ஆனதும் ஒடம்பு வளையலியா?" என்றார்.

"ரூமுக்கு ஆள் வருது சார்" என்றேன்.