கட்சி நிறத்தில் நெய்த லுங்கி

பாவா,

இன்று காலை அக்கா சோற்றுப் பானையை இறக்கிய கரித்துணியைப் பார்த்தேன். பச்சை வெள்ளைக் கட்டம், நடுவே மஞ்சள் கோடு. புகையும் கஞ்சியும் ஏறியிருந்தால் என்ன, எனக்குத் தெரியாதா? மேற்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றின் முழு அரசாங்கத்தையே கையில் பிடித்து அக்கா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க நீங்கள் இல்லை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது.

நம் லுங்கிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் மெட்ராஸ் ஏஜென்ட் அந்த முதல் கடிதத்தை அனுப்பியபோது, நம் பொதட்டூர்பேட்டையின் வெளியுறவு மந்திரி உங்கள் மைத்துனன் நான்தானே! எஸ்.எஸ்.எல்.சி. வரை இங்கிலீஷ் படித்த மேதை. அந்த நாட்டுச் சந்தையில் துணி விற்கும் ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். தேர்தல் வருகிறது, கட்சி நிறத்தில் கட்டம் போட்டு அனுப்புங்கள் என்று.

"அங்க பொம்பளைங்களும் லுங்கி கட்டுவாங்களா மச்சான்?" என்றீர்கள்.

"ஆங் பாவா, கட்டிக்கினு ஊர்வலம் போவாங்க."

அனுப்பினோம். அந்தக் கட்சி ஜெயித்ததாக ரேடியோவில் சொன்னார்கள். பெயர் வாயில் நுழையாத கட்சியின் வெற்றிக்குத் தெருவெல்லாம் காராபூந்தி கொடுத்த மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"அடுத்த ஆர்டர் வரலியே, நெய்யலாமாடா?" என்று கேட்டீர்கள். "ஜெயிச்ச கட்சி பாவா! கடல் வத்தினாலும் நம்ம லுங்கிக்குக் கிராக்கி வத்தாது. அஞ்சு வருஷத்துக்கு அந்த ஊர்ல பொறக்குற கொழந்தைய எல்லாம் இதுலதான் சுத்துவாங்க" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே நம்பினீர்கள். அக்காவின் வளையல் நூலாக மாறியது. மூன்று மாதம் இரண்டு தறியும் ஓய்வில்லாமல் ஓடின.

பிறகு அந்த அம்மாவின் இரண்டாவது கடிதம். நான்தான் படித்துச் சொன்னேன். அவர்கள் மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெயின் விலை வெளியே எங்கோ விழுந்துவிட்டது. கடன் கொடுத்த நாடுகள் கழுத்தைப் பிடித்தன. அரிசி விலை ஏறி ஜனங்கள் முணுமுணுத்தபோது ராணுவம் உள்ளே புகுந்தது. கட்சிக்குத் தடை. அந்த நிறத்தில் துணி கட்டினாலே ஜெயில். வெளிநாட்டுத் துணி துறைமுகத்தில் இறங்கவும் கூடாது.

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"அந்தம்மா பொழப்புக்கு இன்னா பண்றாங்களாம்?"

"எழுதல பாவா."

"எண்ணெ வெலைய எறக்கினது அந்த ஊரு ஜனமா?"

"இல்ல."

"கடன் குடுத்தவன்?"

"அவனும் வெளியூருதான்."

"அப்ப அவங்க ஓட்டு போட்டு இன்னாடா ஆச்சி?"

வெளியுறவு மந்திரி கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துவைத்தார்.

அந்த ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் சரவணப் பொய்கை ஓரமாக உட்கார்ந்து, லுங்கிகளை மூன்றாகக் கிழித்துத் துண்டு என்று விற்றோம். மொட்டை போட்டுக் குளித்தவர்கள் வாங்கித் தலை துவட்டினார்கள். "பாத்தீங்களா பாவா, தட போட்ட கட்சி மலையேறிக்கினு போவுது!" என்றேன். என் வாழ்நாளில் நீங்கள் சிரிக்காமல் விட்ட ஒரே நகைச்சுவை அதுதான்.

கடனுக்குத் தறிகள் இரண்டும் போயின. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனீர்கள். கரும்புச் சோகை கிழித்த கையோடு சோற்றைப் பிசையும்போது எரிச்சலில் முகம் சுருங்கும். என்னைப் பார்த்ததும் அதை மறைத்துக்கொள்வீர்கள். மூச்சிரைப்பு வந்து படுத்த பிறகும், "உன் பேச்சைக் கேட்டுத்தானே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை திட்டியிருக்கலாம் பாவா. நானும் தலை குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன்.

போன வாரம் உங்கள் பெரியவன் வந்தான். கூலி வேலையில் மிச்சம் பிடித்து ஒரு தறி போட்டிருக்கிறான். ஏஜென்ட் அவனிடம் வேறொரு ஆப்பிரிக்க நாட்டின் பெயரைச் சொன்னாராம்.

"மாமா, அந்த ஊரு எப்பிடி? நம்பி நெய்யட்டுமா?"

"தெரியாதுப்பா."

"தமாஷ் பண்ணாத மாமா. உனுக்குத் தெரியாத ஊரா?"

"நெஜமாவே தெரியாதுடா."

அன்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. இப்போது யார் என்ன கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று ஊரே சிரிக்கிறது, அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நாட்டுக்கு நெய்ய நூல் வாங்கப் பள்ளிப்பட்டு பஸ் ஏறினான்.