காணாமற்போன மல்லிப்பூ நகர்

நண்பா,

இன்று காலை நம் பத்திரிகை அலுவலகக் கணினித் திரையில் ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்று வந்ததும் உன் மேல்தான் கோபம் வந்தது. நீ உயிரோடிருந்தால் இதை நடக்க விட்டிருப்பாயா?

எதிரில் செல்வியம்மா உட்கார்ந்திருந்தார். அடையாற்றங்கரை மல்லிப்பூ நகரில் குடிசைகளை எடுத்தபோது மாற்று வீட்டுக்கான பட்டியலில் விடுபட்டவர். அங்கே வாழ்ந்ததற்குச் சான்று தந்தால் மாற்று வீடு கிடைக்கும். நாளை கடைசி நாள். வெள்ளத்தின்போது நான் எழுதிய செய்தியில் அவர் பெயரும் படமும் இருந்தன. அதைத்தான் தேடினேன்.

“நீதானே சார் எழுதிக்கினு போனே? இப்ப இல்லேன்னா இன்னா அர்த்தம்?”

புதிய பொறியாளரைக் கூப்பிட்டேன். “சிஸ்டம் கிளீன் சார், ஒரு எரர்கூட வரல” என்றார். ஒரு மணி நேரம் துருவிய பிறகே விஷயம் தெரிந்தது. நம் ஒவ்வொரு செய்தியும் இடப் பட்டியலில் ஒரு பெயரைச் சுட்டுகிறது அல்லவா? இப்போது அப்படியோர் இடமே இல்லை என்று மல்லிப்பூ நகரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சுட்டும் பெயர் இல்லாவிட்டால் சத்தமின்றி அந்தச் செய்தியைத் தாண்டிப் போ என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி. எரர் எங்கிருந்து வரும்?

அந்த வரியை நீ எழுதவிட்டதே இல்லை. சுட்டல் உடைந்தால் உன் மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். உடைந்தவற்றை அச்சிட்டுக்கொண்டு தி.நகர் அலுவலகத்தில் மேசை மேசையாக வருவாய். “இன்னா நைனா, ஒரு தெருவையே முழுங்கிட்டியா?” ஒருமுறை நான் எரிந்து விழுந்தேன். “இல்லாத தெருவுக்கு இவ்வளவு ரகளையா? தூக்கிப் போடேன்யா.” நீ அசரவில்லை. “தெரு இல்ல. நீ எழுதினது கீதே. ‘இப்போது இல்லை’ன்னு குறி போடு, பேர எடுக்காத.”

அதையே பொறியாளரிடம் சொன்னேன். “இல்லாத இடத்த எப்படி சார் சேர்க்கிறது?” என்று முனகிக்கொண்டே சேர்த்தார். செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. செல்வியம்மா படத்தில் தன்னைப் பார்க்கவில்லை. “பின்னால கீது பாரு சார், அது என் கதவு” என்றார். அச்சிட்ட தாளை வாங்கிக்கொண்டு பேருந்து பிடிக்க ஓடினார். வீடு கிடைக்குமா, தெரியவில்லை.

தாண்டிப் போ என்ற அந்த வரியை எடுக்க வைத்துவிட்டேன். மதியத்திலிருந்து மென்பொருள் நின்று நின்று போகிறது; அலுவலகமே என்னைத் திட்டுகிறது. உடைந்த பெயர்களின் பட்டியல் என் கையில் இருக்கிறது. முதல் பெயர் பாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். நான் கேள்விப்பட்டதே இல்லை. நாளைக் காலை போய் விசாரிக்க வேண்டும்.