மேலே வந்த மீன்கள்

மைசூர் மைன்ஸ்,
கோலார் தங்க வயல்,
16-11-1999

அன்பு மகள் ஐடாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அம்மாவும் என் முழங்கால் வலியும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் உன் உடம்பும் ஆஸ்பத்திரி நைட் டூட்டியும் எப்படி என்று தெரிவிக்கவும். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், ஆனால் அந்த எல்லாரும் என்ற சொல்லுக்குள் உன் மீன்களைச் சேர்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நீ ரத்தினம்மா வீட்டுக்குப் போன் செய்து ஏஞ்சல் ஜோடி எப்படி இருக்கிறது என்று கேட்டாயே, நல்லா இருக்குதும்மா, மேலே வந்து வந்து பாக்குது என்று நான் சொன்னது பொய். பன்னிரண்டில் மூன்று போய்விட்டன. அதில் ஒன்று உன் ஜோடியில் பெரியது, நீ ஹாஸ்டலில் எட்டணா அளவிலிருந்து வளர்த்தது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசிக்கு வைத்தால் தாளில் இடமில்லை என்று சொல்லி விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். செடிகள் வாடுகின்றன, தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு போதவில்லை, பாட்டில் கட்டு என்று நீ ஆகஸ்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். முதல் பக்கத்தில் எழுதியிருந்தபடியே செய்தேன். இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர், பேக்கரியில் கேட்டு வாங்கிய ஈஸ்ட் அரை ஸ்பூன், மூடியில் ஓட்டை போட்டு மெல்லிய குழாய். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கேஸ் விடும், அது குழாய் வழியாகத் தொட்டிக்குள் போகும், லைட் எரியும்போது செடி அதை எடுத்துக்கொள்ளும். கேஸ் போகும்போது ஏர் பம்ப் போடாதே, அது கேஸைக் கிளப்பி வெளியே விரட்டிவிடும் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அவ்வளவு போதும் என்று நினைத்தேன். இந்தக் கேஸைத்தானே நாங்கள் மைனில் கெட்ட காத்து என்று சொல்கிறோம், இருபத்தாறு வருஷமாக அண்டர்கிரவுண்டில் காற்றோட்டம் பார்ப்பவனுக்கு மகள் மஸ்கட்டிலிருந்து பாடம் எடுக்கிறாளே என்று சிரித்துக்கொண்டு, இரண்டாம் பக்கத்தைப் படிக்காமல் நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தொட்டி ஸ்டாண்டின் காலுக்கு அண்டை கொடுத்தேன். ஸ்டாண்ட் ஆடுவது நின்றது, அதைப் பெருமையாக உன் அம்மாவிடம் காட்டினேன்.

இரண்டு மாதத்தில் செடிகள் ஆள் மாதிரி வளர்ந்தன. இலைக்கு இலை முத்து முத்தாகக் குமிழி. மைனில் கம்ப்ரசர் ஹவுஸில் வேலை பார்க்கும் டக்ளஸ் வந்து பார்த்துவிட்டு, இன்னா எட்மண்ட், ஒரு பாட்டிலுக்கே இந்தக் காடுன்னா இன்னொண்ணு வச்சா லால்பாக் ஆயிடும்பா என்றான். புகழ்ச்சிக்கு மயங்காதவன் உன் அப்பா, ஆகையால் மறுநாள் காலைவரை பொறுத்திருந்து இரண்டாவது பாட்டில் கட்டினேன். அது புதன்கிழமை. அன்று எனக்கு தேர்ட் ஷிப்ட். இரவு வேலைக்குக் கிளம்பும்போது தொட்டி லைட்டை அணைத்தேன், பாட்டில் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன, ஏர் பம்ப் நின்றே இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால் பன்னிரண்டு மீனும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. எனக்கு ஒரே சந்தோஷம். மைனில் எங்கள் பழக்கம் உனக்குத் தெரியும், கெட்ட காத்து கனமானது, அடியில் தங்கும், குழியில் தேங்கும், மேல் லெவலுக்கு ஏறி வந்தவன் பிழைத்தான் என்று அர்த்தம். மீன்களுக்கும் அந்தப் புத்தி இருக்கிறதே என்று நின்று ரசித்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, இன்னாங்க, வாயை வாயைத் தொறக்குது, எனக்கு நல்லதாப் படல என்றாள். பசிக்குதுடி லூயிசா என்று சொல்லி ஒரு சிட்டிகை தீனி போட்டேன். ஒன்றும் தொடவில்லை. அதிகாலையில் யாருக்குப் பசிக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டுப் படுத்தேன். வார்டில் ஒரு நோயாளி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் நீ இட்லி ஊட்டுவாயா? உன் அப்பா ஊட்டியிருப்பார்.

ஒன்பது மணிக்கு அம்மா உலுக்கி எழுப்பினாள். ரெண்டு மெதக்குது, உங்க மேல் லெவலை எந்திரிச்சு வந்து பாருங்க என்றாள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்ததா என்றால் இல்லை. ஓடிப்போய் மெழுகுவர்த்தி கொளுத்தினேன். குழிக்குள் இறங்கும் முன் சுடர் பார்ப்போமே, அந்த மாதிரி தொட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கி தண்ணீருக்கு ஒரு விரல் மேலே பிடித்தேன். சுடர் அசையாமல் நின்றது. காத்து நல்லாத்தான் இருக்குது என்று தீர்ப்பும் சொன்னேன். அதற்கு உன் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: மீனு மெழுகுவத்திக்குப் பக்கத்திலயா குடியிருக்குது, தண்ணிக்குள்ள கொளுத்திப் பாருங்க. சொல்லிக்கொண்டே குழாய் இரண்டையும் பிடுங்கி வெளியே போட்டாள், சொம்பை எடுத்து தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்ற ஆரம்பித்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன், காபி ஆத்துறதுக்கு யார் சொல்லிக் கொடுக்கணும் என்றாள். நான் ஏர் பம்பைப் போட்டேன், டிரம்மில் முந்தாநாள் பிடித்து வைத்த தண்ணீரைக் கொண்டு தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மெதுவாக மாற்றினோம். பெரிய ஏஞ்சல் அதற்குள் சாய்ந்துவிட்டது. சொம்புத் தண்ணீரை அதன் மேலேயே ஊற்றிப் பார்த்தாள், இரண்டு தடவை செவுள் அசைந்தது, பிறகு இல்லை. மற்ற ஒன்பதும் பதினொரு மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கீழே போனால்தான் பிழைத்தது என்று அர்த்தம், என் தொழிலுக்கு நேர் தலைகீழ்.

அன்று மத்தியானம் டக்ளஸைக் கூப்பிட்டு ஸ்டாண்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி இரண்டாம் பக்கத்தை உருவினேன். ஓரம் நனைந்திருந்தது, மை ஊறவில்லை. எல்லாம் எழுதியிருக்கிறாய் தாயே. லைட் அணைந்தால் செடி கேஸை எடுக்காது, தானும் கேஸை விடும், ஆகவே இரவில் குழாயை வெளியே எடுத்துப் போட்டு ஏர் பம்ப் போடு என்று கோடு போட்டு எழுதியிருக்கிறாய். ஒரு பாட்டிலுக்கு மேல் வேண்டாம் என்றும். காற்றில் அது அடியில் தங்கும், தண்ணீரில் சர்க்கரை மாதிரி கரைந்து மேலும் கீழும் ஒன்றாக இருக்கும் என்றுகூட எழுதியிருக்கிறாய், அப்பா என்ன நினைப்பார் என்று உனக்கு ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கிறது. தண்ணீரில் கேஸ் எவ்வளவு என்று பார்க்க நீ அனுப்பிய சொட்டு மருந்தையும் அன்றுதான் திறந்தேன். காலித் தீனி டப்பா ஒன்றில் காலையில் மொண்ட பழைய தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதில் சொட்டு விட்டால் எலுமிச்சம்பழ மஞ்சள். இரண்டாம் பக்கத்தின்படி மஞ்சள் என்றால் ஆபத்து.

இப்போது ஒரே பாட்டில். காலை எட்டு மணிக்கு லைட், ஒன்பதுக்கு குழாய் உள்ளே, மாலை ஐந்துக்கு வெளியே, உடனே பம்ப். ஈஸ்ட்டை சுவிட்ச் போட்டு நிறுத்த முடியாது என்பதால் குழாயை மடக்கிக் கட்டாமல் ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுகிறோம், முதல் நாளே முடிச்சுப் போட்டுப் பார்த்து மூடி தெறித்து சுவரெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் ஆன கதையை அம்மா உனக்குத் தனியாகச் சொல்வாள். காலையும் மாலையும் சொட்டு விட்டுப் பார்க்கிறேன், ஐந்து நாளாகப் பச்சை. என் ஷிப்ட் மாறினாலும் மீனுக்கு ஷிப்ட் மாறாது, நான் வேலையிலிருந்தால் குழாய் அம்மா பொறுப்பு, அவளிடம்தான் கொடுத்திருக்கிறேன், அல்லது அவள் எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கடிதம் அவசரமாக எழுதுவதற்குக் காரணம் வேறு. மீன்கள் நன்றாக இருக்கின்றன என்று நான் சொன்னதை நம்பித்தானே, பாட்டிலுக்குப் பதிலாக மீட்டரும் வால்வும் காலி சிலிண்டரும் வாங்கி கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்களிடம் அனுப்புகிறேன், பெங்களூரில் கேஸ் நிரப்பிக்கொள்ளுங்கள் என்றாய். வாங்காதே. இது ஒற்றை அறை வீடு, அம்மா தரையில் பாய் போட்டுப் படுக்கிறாள். சிலிண்டர் கசிந்தால் கெட்ட காத்து முதலில் அவள் பாய்க்குத்தான் வரும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் இருபத்தாறு வருஷத்தை நீ நம்பலாம். செடி மெதுவாக வளரட்டும்.

போனில் நான் பொய் சொன்னபோது அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அதனால்தான் ரிசீவரை வாங்கவில்லை, உன்மேல் கோபம் என்று நினைக்காதே. வெளியே வந்ததும், நீங்க எழுதலன்னா நான் எழுதுவேன், என் எழுத்து அவளுக்கு அர்த்தமாவாது, பயந்துடுவா என்றாள். ஜோடியில் மிஞ்சியது நாலு நாள் மூலையில் நின்றது, நேற்றிலிருந்து தீனி எடுக்கிறது. அதற்குத் துணை வாங்குவதா வேண்டாமா, தொட்டி என்னிடமே இருக்கலாமா, பிலோமினா டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கேட்கிறாரே அவரிடம் கொடுத்துவிடுவதா என்று நீதான் சொல்ல வேண்டும். கொடு என்றால் மறுபேச்சு இல்லாமல் தூக்கிக் கொடுத்துவிடுவேன், சங்கடமாக இருக்கும், ஆனாலும் கொடுப்பேன்.

வேறு விசேஷம், குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், கோயிலுக்கு வெள்ளை அடிக்கிறார்கள். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையால் தொடுகிற நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது. ஆனால் ஐந்து மணிக்குக் குழாயை எடுப்பது சரியா, நாலரைக்கே எடுக்க வேண்டுமா என்பதை அந்தத் திட்டுக்கு நடுவில் எங்காவது எழுதிவிடு. எத்தனை பக்கமானாலும் முழுக்கப் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
எட்மண்ட்