கிருத்திகை அன்று ஒன்றும் சாப்பிடவில்லை

அச்சன்புதூர்
24.6.2025

அதுக்குள்ள போனு கட்டாயிட்டு ஆனந்தி, மிச்சத்தைக் கேளு. திருமலை முருகன் கோயில்ல பாதிப் படிதான் ஏறியிருப்பேன், உள்ளங்கை அரிக்க ஆரம்பிச்சுது. அப்புறம் கழுத்து, முதுகு எல்லாம் தடிப்புத் தடிப்பா. உதடு வீங்கிட்டு. தொண்டை அடைச்சு, முருகான்னு கூப்பிடக்கூட வாய் வரலை. ஆட்டோக்காரன் பாண்டிராஜ்தான் தூக்கிப் போட்டுக்கிட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடுனான். ஊசி போட்டபிறகுதான் மூச்சு வந்துது. இன்னும் கால் மணி நேரம் தாமதிச்சிருந்தா ஆள் இல்லைன்னாராம் டாக்டர்.

கிருத்திகைக்குக் கிருத்திகை படியேறுதேன்னு நேர்ந்திருக்கேன். ஏறப் போயி, இதோட மூணு தடவை விழுந்துட்டேன். சாமி குத்தம்தான், வேற என்ன? நீ அலர்ஜி டாக்டரு, வேற என்னமும் சொல்லுவே. நீ கேட்டபடி ஒரு வாரம் தின்னதெல்லாம் பின்தாள்ல எழுதியிருக்கேன். இட்லி, சாம்பார் சோறு, அவியல், ஒன்னு விடலை. வெள்ளியும் கிருத்திகையும் விரதம், ஒன்னும் சாப்பிடலை. வெறும் வயித்துல என்னட்டி அலர்ஜி?

சாரல் தூக்கி அடிக்குது. எங்கெங்க உள்ள சனமோ ஐந்தருவியில நிக்கி. என் அண்ணன் மகளுக்கு மட்டும் வழி தெரியலை.

இங்கன இருந்தே உன் நெத்தியில திருநீறு பூசுதேன்.
அத்தை மாரித்தாய்


சென்னை
29.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் ஒரு வாக்குக் கொடுங்கள். நான் சொல்லும்வரை படி ஏறக் கூடாது. முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மூன்று தடவையும் கிருத்திகை, மூன்று தடவையும் மலைப்படி. படியேறியும் ஒன்றும் ஆகாத கிருத்திகை ஏதாவது உண்டா? விழுந்த அன்று காலையிலிருந்து வாய்க்குள் போனதையெல்லாம் எழுதுங்கள். மாத்திரை, வெற்றிலை, பிரசாதம் எதையும் விட வேண்டாம். சாமி கோபிக்காது, நான்தான் கோபிப்பேன்.

உங்கள்
ஆனந்தவள்ளி


அச்சன்புதூர்
3.7.2025

எம்மா ஆனந்தி, வையாத. விரதம்னா விரதம்தான். சோத்தைத் தொடலை, சத்தியமா. காலையில ரெண்டு கோதுமைத் தோசை, அம்புட்டுத்தான். அதைப்போயி சாப்பிட்டேன்னு எழுதுனா விரதம் என்னத்துக்கு ஆவும்? நம்ம வீட்ல எல்லாருக்கும் அப்படித்தான வழக்கம். நீ சென்னைக்குப் போயி மறந்துட்டே.

விழாத கிருத்திகையும் உண்டு. பங்குனியில மாவு தீந்துபோச்சு, ரெண்டு வாழைப்பழம் தின்னுட்டு ஏறுனேன். ஒன்னும் செய்யலை. அதுக்காகக் கோதுமை மேல பழி போட்டுராத. வெள்ளிக்கிழமைதோறும் சப்பாத்திதான் எனக்கு. தின்னுட்டுக் கால நீட்டி உக்காந்து கந்தன் பேரைச் சொல்லிக்கிட்டுக் கிடக்கேன், ஒரு கொசுக்கடித் தடிப்புக்கூட வந்ததில்லை. குத்தம் என்மேலதான்.

அத்தை மாரித்தாய்


சென்னை
8.7.2025

அன்புள்ள அத்தைக்கு,

குற்றம் உங்கள்மேல் இல்லை, அந்தத் தோசைமேல். அதுவும் பாதிக் குற்றம்தான். கோதுமை தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. வெறுமனே படியேறினாலும் ஆகாது. தின்ற சில மணி நேரத்துக்குள் மூச்சு வாங்க ஏறினால்தான் உடம்பு அதை எதிரியாக நினைத்துப் பொங்குகிறது. அரிதான நோய், ஆனால் ஆளைக் கொன்றுவிடும்.

இப்போது இது என் ஊகம். உறுதி செய்ய வேண்டும். ஒரு மாதம் கழித்துத் திருநெல்வேலியில் என்னோடு படித்த கௌரிசங்கரிடம் போங்கள். கையில் சொட்டு மருந்து வைத்து ஊசிமுனையால் லேசாகக் குத்திப் பார்ப்பார். ரத்தமும் எடுப்பார். அதற்கு ஒரு வாரம் முன்பே, ஆஸ்பத்திரியில் கொடுத்த அரிப்பு மாத்திரையை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சோதனையில் ஒன்றும் தெரியாது. அதுவரை கோதுமை வேண்டாம். ரவை, மைதா, சேமியா எல்லாமே கோதுமைதான், அத்தை. ‘அது உப்புமாதானே’ என்று எழுதாதீர்கள்.

உங்கள்
ஆனந்தவள்ளி


அச்சன்புதூர்
18.8.2025

ஆனந்தி, நீ நல்லா இருக்கணும். கௌரிசங்கர் தம்பி தங்கமான பிள்ளை. கையில வரிசையா சொட்டு வச்சுக் குத்துனாரு. ஒரு எடம் மட்டும் பொங்கிட்டு. “இதாம்மா கோதுமை”ன்னாரு. “பக்கத்துல அரிசி பாவம், சும்மா இருக்கு”ன்னேன். சிரிச்சுட்டாரு. ரத்தத்துலயும் அதேதான் வந்துருக்காம்.

பைக்குள்ள எப்பவும் வச்சிருக்கணும்னு அட்ரினலின் ஊசி கொடுத்தாரு. மறுபடி வந்தா தொடையில குத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணுமாம். பாண்டிராஜுக்கும் சொல்லிக் கொடுத்தாரு. “ஆச்சி, உங்களைக் குத்த எனக்குக் கை வராது”ங்கான். “வராட்டி நான் போயிருவேம்லே, பரவால்லயா?”ன்னேன்.

நீ சரின்னு சொன்னபிறகு முந்தாநாள் கிருத்திகைக்கு வாழைப்பழமும் தினைமாவும் தின்னுட்டு ஏறுனேன். பாண்டிராஜ் ஊசியும் கையுமா பின்னாலயே வந்தான். உச்சி வரைக்கும் ஒரு அரிப்பு இல்லை. சன்னதியில நின்னு அழுதேன்ட்டி. இத்தனை மாசமா அவன் என்னைய வேண்டாம்னு தள்ளுதான்னு நெனச்சிருந்தேன். அவனுக்கு என்மேல கோவமே இல்லை.

நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ. அருவியில தண்ணி இன்னும் விழுது.

உனக்கும் சேத்துக் கும்பிட்ட
அத்தை மாரித்தாய்

கவரை ஒட்டப் போனேன், இப்பத்தான் நெனப்பு வருது. யாருக்காக நேர்ந்தேன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு உன்கிட்டயும் சொல்லலை. இந்தப் படியேத்தமே பட்டாளத்துல இருக்கான்லா என் மகன் மணிமுத்து, அவனுக்காகத்தான். காலையில ஓடும்போது ரெண்டு தடவை உடம்பெல்லாம் தடிச்சு மயங்கி விழுந்துட்டான். வெயில்னு சொல்லிட்டாங்களாம். அங்கன ஓட்டத்துக்கு முன்னாடி பூரிதான் கொடுக்காங்களாம்.