உயிரோட இருக்கற பொண்ணுக்கு ஒரு போஸ்டர்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். கடை ஏசி மறுபடி மக்கர்.

இன்றைக்கு: குரும்பலூர் காதுகுத்து ஃப்ளெக்ஸ் (குழந்தையைவிடத் தாய்மாமன் படம் பெரிசா இருக்கணுமாம்). டியூஷன் சென்டர் நோட்டீஸ். கல்யாண பேனர் ஒன்று, மாப்பிள்ளையை வெள்ளையாக்கணும். திருச்சி டிசைன் கம்பெனிக்கு என் வேலைகளை அனுப்பி ரெண்டு வாரம் ஆச்சு. பதில் இல்லை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் செந்துறைப் பக்கத்து ஆள் ஒருத்தர், மச்சானோடு. முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேணும் என்றார்.

"யாருக்குங்க?"

"எம் பொண்ணுக்கு."

பதறி எழுந்தே விட்டேன். எப்படிங்க ஆச்சு என்று கேட்டதற்கு மச்சான் சிரித்தான். "ஓடிப்போச்சு. அரியலூர்ல லாரி ஷெட்ல வேலை பாக்கறவன். நம்ம ஆளு இல்ல. ரிஜிஸ்டர் பண்ணிட்டாங்க."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "போட்டோ ஒங்க கடையிலயே இருக்கும்மா. இலக்கியான்னு பேரு. பேங்க் பரிட்சைக்கு இங்கதான் எடுத்தா."

இருந்தது. ஆளும் ஞாபகம் வந்துவிட்டது. பருவை எடுத்துடுங்கக்கா, மச்சத்தை மட்டும் விட்டுடுங்க என்று பக்கத்திலேயே நின்று சொன்ன பொண்ணு. ரொம்பக் கவனமாகச் செய்து கொடுத்தேன் அன்றைக்கு.

"உயிரோட இருக்கற பொண்ணுங்களே" என்றேன்.

"ஒனக்கு உயிரோட இருக்கட்டும்மா. எங்களுக்குச் செத்துட்டா."

முதலாளி பாஸ்கர் அண்ணன் பின்னாலிருந்து, "ஜெசி, பார்ட்டி கேக்கறத போட்டுக் குடு. குடும்ப விசயம் நமக்கு எதுக்கு?"

தோற்றம் - பிறந்த தேதி. மறைவு - அவள் வீட்டை விட்டுப் போன தேதி. அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

செய்ததைக்கூட விடு. நல்லாச் செய்தேன், அதுதான். மெழுகுவத்தி, அழுகிற கண்ணு, ரோஜா எல்லாம் போடச் சொன்னார்கள். எதுவும் போடவில்லை. முழுக்கக் கறுப்பு. கீழ் மூலையில் சின்னதாக அவள் முகம். மேலே பேர் மட்டும். மற்ற இடம் காலி. "இவ்ளோ எடம் வேஸ்ட்டா கெடக்கே" என்றான் மச்சான். அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும். இதான் சரி."

அவர் கண்ணில் தண்ணி. என் டிசைனுக்கு ஒருத்தர் அழுது இன்றைக்குத்தான் பார்த்தேன். சந்தோசமாக இருந்தது. எழுதியாவது வைக்கிறேன்.

ஜூன் 11, புதன்

போஸ்டர் எல்லா இடத்திலும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட், அரியலூர், செந்துறை. அந்தப் பையன் வேலை பார்க்கும் ஷெட் கதவில் மட்டும் வரிசையாக நாலோ அஞ்சோ.

ஹாஸ்டலில் எல்லாருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸிலும் அதுதான். ரூம்மேட் மேரி காட்டினாள். "பாவம்டி இந்தப் பொண்ணு. ஆனா யாரு பண்ணதுன்னு தெரியல, படம் மாதிரி இருக்கு பாரேன்."

நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. வெட்கத்தால் அல்ல. அப்புறம் பாவம் என்ற பேச்சு பாவி என்று என் பக்கம் திரும்பும்.

தலைக்கு ஷாம்பு வாங்கணும். அம்மா போன். வரதராசன்பேட்டையில் மழையே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனியா என்றாள். போனேன் என்றேன். போகவில்லை.

ஜூன் 13, வெள்ளி

திருச்சியிலிருந்து மெயில்! அடுத்த சனிக்கிழமை இன்டர்வியூ. "உங்கள் ஊர் வேலைகளை எடுத்து வாருங்கள்."

ஊர் வேலை என்றால் தாய்மாமனா? எதைக் காட்டுவது? மூணு வருசமாகச் செய்ததை எல்லாம் திறந்து பார்த்தேன். தங்கக் கலர் எழுத்து, மயில், சிங்கம், செல்போன் காதில் வைத்த தலைவர்கள். என்னுடையது என்று ஒன்றுகூட இல்லை.

ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

அவள் வந்தாள்.

சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரம். பையன் ரோட்டில் பைக்கோடு நின்றான், உள்ளே வரவில்லை. புதுத் தாலிக் கயிறு, மஞ்சள் இன்னும் கழுத்தில் ஒட்டியிருந்தது.

"அக்கா, என் போட்டோ நீங்கதானே எடுத்தீங்க?"

ஆமாம் என்றேன்.

"மச்சத்தை விட்டிருந்தீங்க. அதுலதான் ஒங்க கடைன்னு கண்டுபிடிச்சேன்."

சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவே இல்லை. அது இன்னும் மோசம். தங்கச்சி அரியலூரில் ஸ்கூல் ஹாஸ்டலில் ஒன்பதாவது படிக்கிறதாம். வீட்டில் அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் செவுத்தில் அக்கா படத்தைப் பார்த்து, செத்துவிட்டாள் என்றே நம்பி, ரோட்டிலேயே விழுந்துவிட்டதாம். "நேர்ல போய் நின்னேங்க்கா. என்னைப் பாத்ததும் பயந்து கத்துது. தொட விட மாட்டேங்குது."

நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணு ஆர்டர் குடுக்கணும்" என்றாள். "இதே மாதிரி. இதே கறுப்பு. எங்க அப்பாவுக்கு."

அண்ணன் ஓடி வந்தார். "ஏம்மா, உயிரோட இருக்கற மனுசனுக்கு எப்படிம்மா போஸ்டர் போடறது? நாலு பேரு மதிக்கற ஆளு. கேஸாயிடும்!"

அவள் அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள். "அப்ப எனக்கு மட்டும் எப்படிங்க்கா போட்டீங்க?"

"வேலைம்மா" என்றேன். எவ்வளவு கேவலமான வார்த்தை.

கடைசியில், "என் போட்டோவையாவது அழிச்சிடுங்க" என்றாள். அவள் கண் முன்னாலேயே அழித்தேன். "குப்பைத் தொட்டியிலயும்" என்றாள். அதையும் காலி செய்தேன். தேங்க்ஸ்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். தேங்க்ஸ்!

போஸ்டர் ஃபைல் வேற ஃபோல்டரில் இருந்தது. அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

அவள் போனதும் அண்ணன்: "திமிரைப் பாத்தியா."

ஜூன் 21, சனி

திருச்சி. நீலச் சுடிதார்.

கண்ணாடி ரூம், ஏசி, மூணு பேர். நடுவில் இருந்தவர்தான் பேசினார். கல்யாண பேனர், தள்ளிவிட்டார். ஸ்வீட் ஸ்டால் லோகோ, "ம்." டியூஷன் நோட்டீஸ், மணியைப் பார்த்தார்.

கறுப்பு வந்தது. முகத்தையும் பேரையும் மாற்றியிருந்தேன், நெட்டில் எடுத்த யாரோ ஒரு பெண். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது... பத்து நாளா வாட்ஸப்ல சுத்துச்சே, அது மாதிரி இருக்கே?"

"நான்தான் சார் பண்ணேன்."

வாய் தானாகச் சொன்னது. மேரியிடம் சொல்லாததை.

"கிளையன்ட் இவ்ளோ காலி இடத்துக்கு ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டார் சார். அழுதுட்டார்."

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "இதுதாம்மா டிசைன்" என்றார். அந்தப் பொண்ணு என்ன ஆனாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வேஸ்ட்.

அடுத்த மாதம் முதல் தேதியில் சேரலாம்.

பஸ் ஸ்டாண்டில் பரோட்டா. ரொம்பப் பசி. நல்லாச் சாப்பிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணனிடம் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. அப்புறம், "போறவள புடிச்சு வெக்க முடியுமா. எங்கடையில கத்துக்கிட்டதுதானேன்னு சொல்லு போதும்."

அம்மாவுக்கு ஒரே அழுகை, சந்தோசத்தில். ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்திருந்தாளாம். எந்த வேலையைப் பார்த்து எடுத்தாங்க என்று கேட்டாள். பேனர் என்றேன்.

ஜூன் 28, சனி

கடைசி நாள். ஃபைல் எல்லாம் பேர் போட்டு அடுக்கிவைத்தேன். காதுகுத்து, கல்யாணம், புதுமனை, பிறந்தநாள். அஞ்சலியில் அண்ணன் தனியாக ஒரு ஃபோல்டர் போடச் சொன்னார். "அந்த கறுப்பு மாடலுக்கு. மூணு பேரு கேட்டுட்டாங்க."

மேரிக்கும் மத்தவங்களுக்கும் பிரியாணி வாங்கித் தரணும். பெட்டி இன்னும் கட்டவில்லை.

கிளம்பப் பையை எடுக்கும்போது ஒரு ஆள். எறையூர். கரும்பு லோடு ஓட்டுகிறவர், கையில் போன். போஸ்டர் படத்தைக் காட்டினார், அடுத்து ஒரு பொண்ணு படத்தை. ஏதோ திருவிழாவில் எடுத்தது. ரெட்டை ஜடை, வாய் நிறையச் சிரிப்பு. தோளில் யாரோ ஒருத்தருடைய கை.

"அந்த மாதிரியே வேணும்மா, எம் பொண்ணுக்கு. கைய எடுத்துடணும். எம் பொண்டாட்டி கை."

அண்ணன் என்னைப் பார்த்தார். "போறப்போ இத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயேன் ஜெசி. நான் பண்ணா ஒன்ன மாதிரி வராது."

பையைக் கீழே வைத்தேன். பொண்ணு உயிரோட இருக்கா, இல்லையா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. அந்தக் கையை வெட்டுவது கஷ்டமாகவே இல்லை.

"பேரு சொல்லுங்க" என்றேன்.