நீ நடந்ததாக நான் எழுதிய நோட்டு

அன்பு மச்சான் சரவணா,

உன் அக்கா கலைச்செல்வி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சோறு போடுகிறாள், சட்டை தேய்த்து வைக்கிறாள். உன் பேரை மட்டும் நான் எடுக்கக் கூடாது. அதனால்தான் உன்னிடமே சொல்ல வந்தேன். உனக்குக் கேட்குமா என்ன?

பத்தொன்பது வயதில் உனக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்தெல்லாம் ஏற்றி, நோய் அடங்கிவிட்டது என்று சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சொன்னதும், உன்னை உங்கள் ஊர் பண்ருட்டிக்கு விடாமல் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தேன். நான் பி.டி. மாஸ்டர். உடம்பைத் தேற்றுவது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டும், அடிகளை எண்ணும் கைப்பட்டை ஒன்றும் கொடுத்தார்கள். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு நடந்தாய் என்று தினமும் எழுத வேண்டும். "முடிஞ்ச அளவு போதும் சார்" என்று டயட்டீஷியன் அம்மா சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

முட்டையை நீ விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பேன். நடக்கும்போது நடுவில் நீ உட்கார்ந்தால், "இப்பிடி ஒக்காந்துகினே இருந்தா சுடுகாட்டுக்குத்தான் போவ" என்பேன். சொல்லியிருக்கிறேன். உன்னிடம் போய் அதைச் சொல்லியிருக்கிறேன்.

பட்டை காட்டிய அடிகளை நான் எழுத எழுத, நோட்டில் நடை ஏறிக்கொண்டே போனது. ஆனால் எடை குறைந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கி, "ஏன் கொறையுது?" என்று கேட்டார். நோட்டை நீட்டி நான்தான் பதில் சொன்னேன்: "ஜாஸ்தி நடக்கிறான் சார், அதான்." அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பக்கத்தில் நீ குனிந்து உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். என் மகள் யாழினி, நாலு வயசு, வாசலுக்கும் கொல்லைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். உன் பட்டை அவள் கையில்.

"யாரு கட்டுனது?"

"மாமாதாம்பா கட்டிவுட்டாங்க. நல்லா ஓடுனா பிஸ்கட்டு குடுப்பாங்க."

உள்ளே நீ தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாய். எழுப்பி உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். தெருவுக்கு இழுத்து வந்து கோயிலைச் சுற்றி நடக்க வைத்தேன். வெயிலில் நாலு சுற்று. சுவரைப் பிடித்துப் பிடித்துதான் நடந்தாய்.

"வுடுங்க சார், புள்ளைக்கு முடியல" என்றார் டீக்கடைக்காரர்.

"நடிக்கிறான்" என்றேன்.

மறுநாள் உன்னால் காலை ஊன்ற முடியவில்லை. சிதம்பரத்தில் பரிசோதித்துவிட்டு, நோய் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். கால் எவ்வளவு நாளாக வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும் சார்."

"ஏம்பா சொல்லல?"

"மாமா நம்ப மாட்டாங்க சார்."

கோபமாகக்கூட நீ சொல்லவில்லை. மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாய். ஒரு திட்டாவது திட்டியிருக்கக் கூடாதா?

பிறகு மூன்று மாதம். கடைசியில், "இனிமே எதுவும் எழுத வேணாம் சார், புடிச்சதக் குடுங்க" என்றார் டயட்டீஷியன். பரோட்டா கேட்டாய். வாங்கி வந்து பிய்த்து ஊட்டினேன். ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. மறுவாரம் நீ இல்லை.

காரியம் முடிந்ததும் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா சார்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நானே எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது நடப்பதையும் கேள். நீ போனதிலிருந்து, யாழினி கால் வலிக்கிறது என்றால் உடனே தூக்கிக்கொண்டு ரத்தம் எடுக்க ஓடுவேன். நாலு முறை ஊசி குத்தியாயிற்று. போன வாரம் நொண்டினாள். "என்னாம்மா?" என்றேன். "ஒண்ணும் இல்லப்பா" என்று சிரித்தபடி நேராக நடந்து காட்டினாள். மூன்று நாள் கழித்துக் கலை அவள் குதிகாலிலிருந்து கண்ணாடிச் சில்லை எடுத்தாள். சீழ் வைத்திருந்தது. குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதது, நான் கேட்டுவிடக் கூடாதாம்.

"இவளுமா?" என்றாள் உன் அக்கா. நீ போன பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி.

சரவணா, அவள் வலிக்கிறது என்று என்னிடம் வந்து சொல்லும்வரை நான் காத்திருப்பேன். எத்தனை வருஷம் ஆனாலும். சத்தம் போட மாட்டேன், தூக்கிக்கொண்டு ஓடவும் மாட்டேன். உனக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

உன்னைக் கை நீட்டி அடித்த,
உன் மாமா